மூணு கோர்வைச் சேலையைக் காணோம்!

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் ரெண்டு வார்த்தை, கம்ப்யூட்டருக்கு வேற வேறயா இருக்கலாம். அதனால என் மாமாவோட மூணு சேலை ‘காணாமப் போன’ கதை இது.

மாமாவுக்கு வெம்பாக்கத்தில் பட்டுத் தறி. நெய்து கொடுத்த சேலை, வர வேண்டிய கூலி எல்லாமே நோட்டில்தான். செமஸ்டர் லீவில் நானும் மாமா பொண்ணும் ஆளுக்குப் பாதியாக அதை எக்ஸ்எம்எல் ஃபைலாக்கினோம். கரையும் உடலும் வேற வேற நிறத்தில், தனித்தனி நாடா ஓட்டிக் கோத்து நெய்வது கோர்வைச் சேலை. அதற்குக் கூலி அதிகம். மொத்தம் எத்தனை என்று பார்க்க எக்ஸ்பாத்தில் ஒரு வரி போட்டேன்:

//சேலை[ரகம்='கோர்வை']

அதாவது, ‘ரகம்’ என்ற டேகுக்குள் ‘கோர்வை’ என்று இருக்கும் சேலைகளை மட்டும் எடு. (டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் பாஸ்!)

வந்தது 4. நோட்டில் 7! “ஏம்பா, மிச்சம் மூணு சேலைக் கூலியை உன் கம்ப்யூட்டரா குடுக்கும்?” என்றார் மாமா. எனக்கு வியர்த்துவிட்டது.

துருவினால், குற்றவாளிகள் ரெண்டு பேர்.

முதல் ஆள், காலி இடம். ஒரு சேலையில் ‘கோர்வை’க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தது. ‘=’ போட்டால் அச்சு அசலாக அதே எழுத்துகள் இருக்க வேண்டும். ‘நார்மலைஸ்-ஸ்பேஸ்’ ஃபங்ஷன் முன்னும் பின்னும் உள்ள இடத்தை வெட்டிவிடும். ‘கன்டெய்ன்ஸ்’ போட்டால் போச்சு என்கிறீர்களா? ‘கோர்வை இல்லாதது’ என்று எழுதிய சேலையும் சேர்ந்து வந்துவிடும், ஜாக்கிரதை!

ரெண்டாவது ஆள்தான் வில்லன். யூனிகோடில் ‘கோ’வை க + ோ என ரெண்டு குறியாகவும் வைக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து க + ே + ா என மூணாகவும் வைக்கலாம். ஸ்க்ரீனில் வித்தியாசமே தெரியாது. யூனிகோட் விதிப்படி ரெண்டும் சமம். ஆனால், எக்ஸ்பாத் குறிகளை வரிசையாக ஒப்பிடுவதால் ரெண்டும் வேற! கொ, கௌ வரிசைகளிலும் இதே தலைவலி.

2007-ல் வந்த எக்ஸ்பாத் 2.0-வில் இதற்கு ‘நார்மலைஸ்-யூனிகோட்’ இருக்கிறது. நம்ம பிரவுசர்களில் இன்றும் இருப்பதோ 1999-ன் எக்ஸ்பாத் 1.0. அதனால், தேடும் முன்பே ஃபைல், தேடும் சொல் இரண்டையும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் ஒரே வரி வேலை.

ஊர்ப் பட்டியலோ, பேஷன்ட் லிஸ்டோ... தமிழில் தேடி ‘இல்லை’ என்று பதில் வந்தால் உடனே நம்பாதீர்கள். அங்கே யாரோ ஒருத்தரோட கூலி மாட்டியிருக்கலாம்.

இப்போ 7 சரியா வருது. மாமா மட்டும் இன்னும் நோட்டை மூடலை!