கிட் மென்பொருளில் சோதனைக் கட்டளைகளும் கைவிடப்படும் கட்டளைகளும்

கிட் என்பது நிரல்களில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிந்து பேணும் ஒரு திறந்த மூலக் கட்டளைவரி மென்பொருள் ஆகும். லினக்ஸ் கருனியின் உருவாக்கத்துக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை 2005 ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சென்றது.

இத்தகைய மென்பொருளில் ஒரு கட்டளையைச் சேர்ப்பதை விட நீக்குவதே கடினம். கட்டளைகளை மனிதர்கள் மட்டும் தட்டச்சு செய்வதில்லை. இரவில் தாமாக இயங்கும் குறுநிரல்களும் அவற்றை அழைக்கின்றன. கிட் தன் பயன்பாட்டு விவரங்களை உருவாக்குநர்களுக்கு அனுப்புவதும் இல்லை. ஆகவே ஒரு பழைய கட்டளையை யார் நம்பியிருக்கிறார்கள் என்பது எவருக்கும் தெரியாது.

கைவிடல்

தொடக்கத்தில் கிட் கட்டளைகளை இடையில் சிறுகோடு இட்டும் எழுத முடிந்தது. 2008 இல் வெளியான 1.6.0 பதிப்பு அவ்வழக்கத்தை இயல்பிருப்பில் நிறுத்தியது. வெளியீட்டுக் குறிப்புகளில் முன்னரே அறிவித்திருந்தும் கடும் எதிர்ப்பு எழுந்தது. (வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்போர் மிகச் சிலரே.)

பின்னர் எச்சரிக்கை மென்பொருளுக்குள்ளேயே வந்தது. 'கிட் புஷ்' கட்டளை முன்பு ஒரே பெயருடைய கிளைகள் அனைத்தையும் வழங்கிக்கு அனுப்பியது. 2014 இல் வெளியான 2.0 பதிப்பில் நடப்புக் கிளையை மட்டும் அனுப்புவதே இயல்பிருப்பானது. அதற்கு முந்தைய பதிப்புகள், பயனர் தம் விருப்பத்தை அமைப்புகளில் குறிக்காத வரை, வரவிருக்கும் மாற்றத்தைத் திரையில் நினைவூட்டின.

சோதனைக் கட்டளைகள்

'கிட் செக்கவுட்' கட்டளை கிளை மாறுவதற்கும் கோப்பைப் பழைய நிலைக்கு மீட்பதற்கும் பயன்படுகிறது. கிளை மாற எண்ணியவர் தவறுதலாகக் கோப்பின் பெயரைத் தந்தால், இன்னும் பதியாத மாற்றங்கள் கேள்வியின்றி அழிந்துவிடும். எனவே 2019 இல் 2.23 பதிப்பில் 'சுவிட்ச்', 'ரீஸ்டோர்' ஆகிய இரு தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டன. இவை சோதனை நிலையில் உள்ளவை, நடத்தை மாறக்கூடும் என்று கையேடு எச்சரித்தது.

அவ்வெச்சரிக்கை ஆறு ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் பல பாடங்கள் இக்கட்டளைகளையே மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்டதால், அச்சொல் பொருளிழந்தது என்றே கூறலாம். 2025 இல் 2.51 பதிப்பில் அது நீக்கப்பட்டது. 'செக்கவுட்' கட்டளை கைவிடப்படவில்லை.

அதே 2.51 பதிப்பில் 'வாட்சேஞ்சுடு' என்ற பழைய கட்டளை 3.0 பதிப்பில் நீக்கப்படவுள்ளதாகக் குறிக்கப்பட்டது. 'கிட் லாக்' கட்டளையே அதன் பணியைச் செய்யும். இப்போது அதை அழைத்தால் பிழைச் செய்தியுடன் நின்றுவிடும். தொடர்ந்து இயக்க, 'இதை நான் இன்னும் பயன்படுத்துகிறேன்' எனப் பொருள்படும் நீண்ட தெரிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உருவாக்குநர்களுக்கு எழுதித் தெரிவிக்குமாறும் அச்செய்தி கேட்டுக்கொள்கிறது.