கடலுக்கு வட்டம் போட முடியாது

புன்னக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கும் கழிமுகத்துக்கு வல்லங்கள் வந்து சேர்கின்றன. மீன் கரையிறங்குகிறது, ஏலம் முடிகிறது, தொகை எழுதிய துண்டுச் சீட்டு கைக்கு வருகிறது. மடித்துச் சட்டைப்பையில் போட்ட அந்தச் சீட்டு பெரும்பாலும் அடுத்த துவைப்போடு போய்விடும். அது எவ்வளவு பெரிய ஆவணம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தக் கரைக்கு வடக்கே தூத்துக்குடி அனல் மின் நிலையம், தெற்கே உடன்குடி அனல் மின் திட்டம், அதற்கும் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். நேர்க்கோட்டில் பார்த்தால் கூடங்குளம் இங்கிருந்து 70 கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் உலை விபத்துக்கான அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் தொலைவோடு நின்றுவிடுகிறது. 2012 ஜூனில் நக்கனேரியில் நடந்த ஒத்திகை அந்த வட்டத்துக்குள் நடந்தது. புன்னக்காயல் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. கடலின் நீவாடு எந்த வட்டத்தையும் பார்த்து நிற்பதில்லை.

நமக்கு என்ன ஆபத்து?

இயல்பாக இயங்கும்போது உலையிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சு வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. விபத்து என்று வந்தால் தொலைவில் இருப்பவருக்கு முதல் அடி சந்தையில்தான் விழும். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஃபுகுஷிமா மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள். 12 ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 24 அன்று, சுத்திகரித்த உலை நீரைக் கடலில் விடத் தொடங்கியதும் ஜப்பானின் கடல் உணவு முழுவதற்கும் சீனா தடை போட்டது. உலையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மீன் பிடித்தவரும் அந்தத் தடையில் அடிபட்டார். கடலின் பெயர் கெட்டால் மீனின் விலையும் போய்விடும்.

கடற்கரை கற்றுத்தந்த பாடம்

கூடங்குளம் ஒப்பந்தம் 1988 நவம்பரில் கையெழுத்தானது. அடுத்த மே நாளிலேயே மீனவர்கள் கன்னியாகுமரியில் திரண்டார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. 2011இல் இடிந்தகரையில் தொடங்கிய உண்ணாவிரதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது.

2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலையை நிறுத்தவில்லை. ஆனால் 15 கட்டளைகளை விதித்தது. போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எரிந்து முடிந்த எரிபொருளை உலைக் கட்டடத்துக்கு வெளியே வைக்கும் கிடங்குக்கு விதித்த 5 ஆண்டுக் கெடு பின்னர் 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் கிடங்குக்காக 2019 ஜூலை 10 அன்று நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்பு எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. தெருவில் எழுந்த குரலுக்குக் காகிதம் துணை நின்றபோதுதான் இவ்வளவாவது கிடைத்தது.

சட்டம் தரும் வழிகள்

தகவல் உரிமை: 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். “உலை பாதுகாப்பானதா?” என்று கேட்டால் பதில் வராது. “கடந்த 5 ஆண்டுகளில் எந்தெந்த இடங்களில், எந்தெந்தத் தேதிகளில் மீன், கடல்நீர் மாதிரி எடுக்கப்பட்டது? ஒவ்வொன்றிலும் சீசியம்-137, ட்ரிடியம் அளவு என்ன? அறிக்கையின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். கூடங்குளத்தில் இதற்கென்றே சுற்றுச்சூழல் ஆய்வகம் இருக்கிறது. பாதுகாப்பு ரகசியம் என்று மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.

கருத்துக் கேட்பு: 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, நாளிதழில் விளம்பரம் செய்து குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். பாதிக்கப்படும் உள்ளூர் மக்கள் நேரில் பேசலாம், அக்கறையுள்ள மற்றவர்கள் எழுத்தில் தரலாம். நிகழ்ச்சி முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். பேசியதன் சுருக்கத்தைக் கூட்டத்திலேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் பேச்சு அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயம்: சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.

இழப்பீடு: 2010 அணுசக்திப் பொறுப்புச் சட்டம் பெரிய உலையை இயக்குபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் வரம்பு வைத்தது. பழுதான கருவி தந்த நிறுவனத்திடம் இயக்குபவர் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி வைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்து, அந்த வழியைச் சுருக்கிவிட்டது. ஏன் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பது நம் உரிமை. எந்தச் சட்டமானாலும் இழப்பை நிரூபிக்கும் சுமை மீனவர் தலையில்தான் விழும். படகுப் பதிவு, மீனவர் நலவாரிய அட்டை, டீசல் ரசீது, ஏலச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்று நம் பக்கத்திலேயே

ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. நம் கரையிலோ முள்ளக்காட்டில் 1986இலேயே காற்றாலை சுழன்றது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றும் வெயிலும் எப்போதும் ஒரே அளவில் இருக்காது என்பது உண்மை. ஆகவே மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிகளிலும் நீரேற்று நிலையங்களிலும் முதலீடு செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். கூரைச் சூரிய மின் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் ஒன்றிய அரசு மானியம் உண்டு. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத தாங்கியை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

கடலுக்குள் காற்றாலை நடவும் 2024இல் ஒன்றிய அமைச்சரவை நிதியுதவிக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். தூண் எங்கே, கேபிள் எங்கே, எந்தப் பாரில் வலை போட முடியாமல் போகும் என்பதை மீனவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சுத்தமான மின்சாரம் என்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது.

அடுத்த கிராம சபைக்கு மூன்று கோரிக்கைகளோடு போங்கள்: நம் கரை மீனையும் ஆண்டுதோறும் சோதித்து முடிவைத் தமிழில் ஒட்டுங்கள், அவசரகாலத் திட்டத்தில் மீன்பிடி ஊர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உலை ஓய்வுபெறும் காலத்தையும் அதற்கான செலவையும் வெளியிடுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய ஏலச் சீட்டை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.