ஊரிலிருந்து தொடங்கும் சமூக அறிவியல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்ற நான்கும் சமூக அறிவியல் என்ற ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. நான்குமே மனிதர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றியவை. ஆனாலும் வகுப்பறையில் இவை பெரும்பாலும் ஆண்டுகளாகவும் பிரிவு எண்களாகவும் வரையறைகளாகவும் சுருங்கிவிடுகின்றன. அதிகம் சலிப்பூட்டுவது குடிமையியல்தான். மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்று மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அந்த விவரம் யாருக்கு, எப்போது தேவைப்படும் என்பது தெரிவதில்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் குடிமையியல் என்பது அரசுக்குப் பணிந்து நடக்கும் நல்ல குடிகளை உருவாக்கும் பாடமாக இருந்தது. விடுதலைக்குப் பிறகும் அதன் சாயல் நெடுநாள் நீடித்தது. 1982இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு இதற்கு மாற்றாக, நடைமுறை வாழ்க்கையிலிருந்து எடுத்த நிகழ்வுகளையும் கேள்விகளையும் கொண்ட சமூக அறிவியல் நூல்களை உருவாக்கிப் பள்ளிகளில் பயன்படுத்திப் பார்த்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குடிமையியலின் காலனியப் பின்னணியைச் சுட்டிக்காட்டியது; அதைத் தொடர்ந்து வந்த பாடத்திட்டம் நடுநிலை வகுப்புகளில் குடிமையியலின் இடத்தில் ‘சமூக, அரசியல் வாழ்க்கை’ என்ற பாடத்தை முன்வைத்தது. தமிழ்நாட்டில் குடிமையியல் என்ற பெயரே தொடர்கிறது. பெயர் எதுவானாலும், ஊரில் நடந்த ஒரு நிகழ்விலோ எடுக்கப்பட்ட ஒரு முடிவிலோ தொடங்கி, அதன் வழியாகப் பாடநூலின் கருத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வதே பாடத்தை உயிர்ப்பிக்கும் வழி. திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு பிரிவுகளுக்கும் வேண்டிய பொருள் அங்கே இருக்கிறது.

வரலாற்றை எடுத்துக்கொண்டால், காங்கேயத்துக்கு வடக்கே நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே பல கட்டங்களாக அகழாய்வு நடந்துள்ளது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், அறுத்தும் துளையிட்டும் மெருகேற்றிய மணிகள், தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் ஆகியவை கிடைத்தன. மணிகளுக்கான கற்களில், பச்சைக்கல் எனப்படும் பெரில், காங்கேயம்-திருப்பூர் சாலையில் உள்ள படியூர்ப் பகுதியில் கிடைப்பது. சூதுபவளமோ குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்குக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பழைய வணிகப் பாதையில் கொடுமணல் அமைந்திருந்தது.

இவற்றைப் பட்டியலாகச் சொன்னால் அதுவும் மனப்பாடமாகிவிடும். கண்டெடுத்த பொருள்களின் படங்களை முதலில் கொடுத்து, ‘இங்கே வாழ்ந்தவர்கள் என்ன தொழில் செய்திருப்பார்கள்? இந்த ஊரில் கிடைக்காத கல் எப்படி வந்திருக்கும்? பானையில் ஏன் பெயர் எழுதினார்கள்?’ என்று கேட்டால், மாணவர்கள் சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லப் பழகுவார்கள். காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் பிறந்து, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் வரலாற்றிலும் இதைச் செய்யலாம். ஊர்வழக்கில் சொல்லப்படும் கதை எது, ஆவணத்தில் இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பது, இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளுவதற்காக அல்ல. ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று அறிவதற்காக.

புவியியலில் ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்ற சொல்லைக் காங்கேயத்து மாணவர்கள் வரைபடத்தில் தேட வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, தென்மேற்குப் பருவமழை குறைவாகக் கிட்டும் வறண்ட நிலம் அவர்கள் காலடியிலேயே இருக்கிறது. அதற்கேற்ப உருவானவைதான் கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் கொறங்காடுகள். காங்கேயம் மாடுகள் அந்த மேய்ச்சலில் வளர்ந்தவை. மழை, மண், புல், மாடு, உழவு என்ற தொடர்பை ஒரு கொறங்காட்டைச் சுற்றிவந்தாலே வரைந்துவிடலாம்.

தண்ணீர் இன்னொரு பாடம். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் நீர், திருமூர்த்தி அணையிலிருந்து வாய்க்கால் வழியாக வெள்ளகோவில், காங்கேயம் பகுதிகள் வரை வருகிறது. பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் நீர் விடப்படுகிறது. கடைமடைக்குப் போதிய நீர் வந்து சேரவில்லை என்பது இப்பகுதி விவசாயிகள் அடிக்கடி எழுப்பும் குறை. வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வாய்க்காலை வரைந்து, தலைமடை முதல் கடைமடை வரை மாணவர்களை நிறுத்தி, ஒரு குடம் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லலாம். இந்தத் திட்டத்துக்காகக் கேரளத்துடன் 1970இல் கையெழுத்தான நதிநீர் ஒப்பந்தம் எதற்குத் தேவைப்பட்டது என்பது அப்போது எளிதில் விளங்கும்.

குடிமையியலில் முதல் பாடமாக ஒரு பழைய நிலப்பத்திரமே போதும். காங்கேயம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு ஈரோடு மாவட்டத்துக்குச் சென்றது. 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் நகரவில்லை; தாத்தா, அப்பா, பேரன் மூவரின் ஆவணங்களில் மட்டும் மூன்று மாவட்டங்கள். அதோடு, திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும் காங்கேயம் சட்டமன்றத் தொகுதி ஈரோடு மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. கலெக்டர் ஓரிடம், எம்.பி. தொகுதி வேறிடம். நிர்வாக எல்லையும் தேர்தல் எல்லையும் ஏன் ஒன்றாக இல்லை என்ற கேள்வியிலிருந்து தொகுதி மறுவரையறைக்குச் செல்லலாம்.

தேர்தலைப் பற்றிச் சொல்ல, அதே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் மொடக்குறிச்சியைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகள்மீது கவனத்தை ஈர்க்க விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்ததே காரணம். தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, பொதுப்பிரிவினர் சட்டமன்றத் தேர்தலில் கட்ட வேண்டிய காப்புத்தொகை ரூ.250இலிருந்து ரூ.5,000 ஆனது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர்கள் தேவை என்ற விதியும் வந்தது. போட்டியிடும் உரிமைக்கு வரம்பு வேண்டுமா, அந்த வரம்பு பணமாக இருக்கலாமா என்று மாணவர்கள் இரு அணியாக வாதிட இதில் நிறைய இடம் உண்டு.

அரசின் மூன்று அங்கங்களையும் விளக்க ஜல்லிக்கட்டு வழக்கு உதவும். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டைத் தடை செய்து, தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாது என்றது. 2017 ஜனவரியில் மாநிலமெங்கும் போராட்டம் எழுந்தது. ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார், சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாடு வளர்ப்போர், விலங்குநல அமைப்பினர், சட்டமன்ற உறுப்பினர்கள், ஒன்றிய அரசு, நீதிபதிகள் என வகுப்பை ஐந்து குழுவாக்கினால், அங்கங்களுக்கிடையே உள்ள தடைகளும் சமநிலையும் விளக்கமின்றியே புரியும். காங்கேயம் காளையை விரும்பும் மாணவரை விலங்குநலக் குழுவில் அமர்த்துவது நல்லது. தனக்கு உடன்பாடில்லாத வாதத்தையும் நியாயமாக எடுத்துவைக்கத் தெரிவது குடிமையியலின் முக்கியமான பயிற்சி.

உள்ளாட்சியை நேரில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட்டப்படுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள். மாணவர்கள் பெரியவர்களுடன் சென்று, எந்தத் தீர்மானங்கள் நிறைவேறின, எத்தனை பெண்கள் பேசினார்கள், சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று குறித்துவரலாம்.

பொருளியலுக்குக் கொப்பரை இருக்கிறது. காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய் உடைத்துக் காயவைக்கும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் ஏராளம். தோப்பில் ஒரு காய்க்கு என்ன விலை, களத்தில் என்ன கூலி, கொப்பரைக்கு ஒன்றிய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை எவ்வளவு, கடையில் ஒரு லிட்டர் எண்ணெய் என்ன விலை என்று விசாரித்து அட்டவணையாக்கினால், மதிப்புக்கூட்டல், தேவை, அளிப்பு, விலைக்கொள்கை எல்லாம் ஒரே பொருளில் அடங்கிவிடும்.

இத்தகைய பாடங்களில் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒரத்துப்பாளையம் அணை ஒரு சான்று. பாசனத்துக்காக நொய்யலில் கட்டப்பட்ட அந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது பலர் வேலையிழந்தார்கள். ஒரே வகுப்பில் பாதிக்கப்பட்ட விவசாயியின் பிள்ளையும் பனியன் தொழிலாளியின் பிள்ளையும் இருக்கக்கூடும். எந்தக் குடும்பத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், கழிவு வெளியேறாதபடி சுத்திகரிக்கும் முறைக்கு யார் செலவிட வேண்டும், யார் கண்காணிக்க வேண்டும் என்று பேச்சைக் கொண்டுசெல்ல வேண்டும். கட்சி, சாதி தொடர்பான விவாதங்களில் ஆசிரியர் தம் சார்பைத் திணிக்காமல், கூற்றுக்குச் சான்று கேட்பவராக இருப்பதே பொருத்தம்.

நேரமும் தேர்வும்தான் பெரிய தடைகள். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. பருவத்துக்கு இரண்டு பாடங்களை இவ்வாறு விரிவாக நடத்தி, மற்றவற்றை வழக்கம்போல் நடத்தினாலே மாற்றம் தெரியும். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை அறிமுகமான முப்பருவ முறையில் நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. வாய்க்கால் வரைபடமும் கிராம சபைக் குறிப்பும் விலை அட்டவணையும் அத்தகைய மதிப்பீட்டுக்குத் தகுந்த வேலைகளே. எழுத்துத் தேர்விலும் வினாவை மாற்றலாம். ‘கிராம சபை என்றால் என்ன?’ என்பதற்குப் பதிலாக, ‘உங்கள் தெருவில் குடிநீர் வரவில்லை; யாரிடம், எந்தக் கூட்டத்தில், எப்படி முறையிடுவீர்கள்?’ என்று கேட்டால், வரையறையை மட்டும் படித்தவரால் விடையெழுத இயலாது.