படத்தில் விழாத கடைகள்

சென்னை சென்ட்ரலில் புறநகர் மின்ரயில்கள் வந்து நிற்கும் கட்டடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் தினமும் வந்திறங்கும் கூட்டத்தில் இளவயதுக்காரர்கள் பலருக்கு அது நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். வெளியே தோட்டத்தில் ஒரு கட்டடத்தின் சிறிய மாதிரியை வைத்திருக்கிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. அந்த மாதிரியின் அசல் இதே இடத்தில் 85 ஆண்டுகள் நின்றது.

பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹாம் சந்தைக்கு மாற்றாக, பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதியில் 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த சந்தை அது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். சிவப்புச் செங்கல், வளைவுகள், நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். 1985 மே 30 அன்று தீப்பிடித்து எரிந்தது. ரயில் நிலைய விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்ததால், தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகமும் கூடவே பிடித்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அது அணையவில்லை.

மூர் மார்க்கெட்டுக்குப் படங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட அஞ்சலட்டை பெரிய மோகமாக இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த வீலே அண்ட் க்ளைன் போன்றவர்கள் மெட்ராஸின் கட்டடங்களை ஒன்றுவிடாமல் எடுத்து விற்றார்கள். அந்த அட்டைகளில் எனக்குக் கிடைத்த மூர் மார்க்கெட் எல்லாம் வெளிப்புறம்தான். கோபுரம் தெரிகிறது, வாசல் தெரிகிறது, முன்னால் வண்டிகள் நிற்கின்றன. அடியில் வெள்ளை எழுத்தில் இடத்தின் பெயர். கண்ணாடி நெகட்டிவின் மேல் கறுப்பு மையால் இடவலம் மாற்றி எழுதினால், அச்சில் அது வெள்ளையாக நேராக விழும். அத்தனை பொறுமையாக உட்கார்ந்து எழுதியவர்கள் கட்டடத்தின் பெயரைத்தான் எழுதினார்கள். வாசற்படியில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று எழுதவில்லை.

ஆட்களையே எடுத்து விற்ற அட்டைகளிலும் இதே கதைதான். வண்ணான், ஆயா, நாவிதர், சமையல்காரர் என்று தொழிலைப் பொதுவாக எழுதி, கடல் கடந்து அனுப்பினார்கள். மெட்ராஸ், பெங்களூர் அஞ்சலட்டைகளை வைத்து 2018இல் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹியூஸும் எமிலி ஸ்டீவன்சனும் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அன்றைய நகர வாழ்க்கை அந்த அட்டைகளில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆயாவின் பேரனோ கொள்ளுப் பேத்தியோ இன்று அதைப் பார்த்தால் தங்கள் பாட்டி என்று தெரிந்துகொள்ள வழியில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

யாருடைய செலவில், யாருக்காகப் படம் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் எதையும் பாதுகாத்திருக்கிறார்கள். 1856இல் மெட்ராஸ் அரசு லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சாவூர் கோயில்களின் மிகப் பழைய படங்கள் சில அவர் எடுத்தவை. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கஜானா நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையை முடித்துவைத்தார். பிற்காலத்தில் மூர் மார்க்கெட் எழுந்த பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கியவரும் இதே டிரெவெலியன்தான். பூங்காவைக் கொடுத்த கையே படத்தை நிறுத்தியது.

சந்தைக்கு உள்ளே போக வேண்டுமானால் அங்கே கடை வைத்தவர்களையும் அங்கே வாங்கியவர்களையும் பேசவிட வேண்டும். பேச ஆரம்பித்தால் வாசல் வழியாகப் போக மாட்டார்கள், நேரே தங்கள் கடைக்குப் போய்விடுவார்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, ரிப்பேர் பார்த்த கைக்கடிகாரம், முயல், கிளி, தங்கமீன். சொன்ன விலையில் கால்வாசியிலிருந்து கேட்க ஆரம்பி என்று அப்பா சொல்லி அனுப்பியது. பள்ளிப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி, வருஷம் முடிந்ததும் அதே கடையில் விற்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் இறந்த பிறகு, அவருடைய சேகரிப்பிலிருந்து 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. அது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட சேகரிப்பாளர்களுக்காக ஒரு நூலைத் தனியாக எடுத்து வைத்த பழைய புத்தக வியாபாரிகளின் நினைவு எந்த நூலகத்திலும் இல்லை. வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

இப்படிப் பேச்சைப் பதிவு செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய படத்தைக் கையில் கொடுத்ததும் பெரியவர்கள் விரலை வைத்து, “இதோ இங்கதான்பா நம்ம கடை, இதுக்குப் பக்கத்துல பாய் கடை” என்பார்கள். நேரில் இருப்பவருக்கு எல்லாம் விளங்கும். ஒலிப்பதிவில் “இதோ இங்க” மட்டும்தான் இருக்கும். இருபது வருஷம் கழித்துக் கேட்பவருக்கு அந்த விரல் தெரியாது. அதனால் கேள்வி கேட்பவர் அங்கேயே, “ஐயா, நாலாம் நம்பர் படத்துல இடது ஓரம், ரெண்டாவது வளைவைக் காட்டறீங்க, சரிதானே?” என்று சொல்லிப் பதிய வைக்க வேண்டும். பேச்சின் ஓட்டம் ஒரு நிமிஷம் தடைப்படும், பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் படம் தனியாகவும் குரல் தனியாகவும் போய்விடும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, தேதி, ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்ற ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

பெரம்பூர்ப் பக்கம் வந்தால் இந்த வேலை இன்னும் அவசரம். பின்னி மில் என்று ஊர் சொல்லும் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் தொடங்கியது. தலைவராக இருந்த பி.பி. வாடியாவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். உடனிருந்த திரு.வி.க. தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். 1921 வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம் பற்றி அரசாங்கத்தின் அறிக்கைகள் இருக்கின்றன. தறியில் நின்றவர்களின் பக்கம் மட்டும் காகிதம் மெலிந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளில் குரூப் போட்டோ இருக்கிறது. ஒரு துறையின் ஆட்கள் வரிசையாக நிற்க, நடு நாற்காலிகளில் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பெரிய படம். சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். அட்டையின் கீழே பெயர் அச்சிட்டிருந்தால் நாற்காலிக்காரர்களுக்குத்தான் முதல் இடம். நிற்பவர்களில் ஒருவர் அந்த வீட்டுத் தாத்தா. அவருக்கு இடமும் வலமும் நின்றவர்களை வீட்டில் வயதான ஒருவருக்குத்தான் தெரியும். சங்கு ஊதினால் தெருவே எழுந்தது, சைக்கிள்கள் அணியணியாக நகர்ந்தது, ஷிப்டு முடிந்து வந்தவரின் தலையில் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போகும்போது, வரிசையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறும். எழும்பூரில் 1909 முதல் நிற்கும் ஆவணக் காப்பகத்தின் கட்டுகளில் இந்தப் பெயர்களை எத்தனை நாள் தேடினாலும் இப்படிச் சேர்த்துப் பார்க்க முடியாது.

அன்று படம் எடுப்பது செலவு. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஸ்டுடியோவுக்குப் போய், வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்தார்கள். அதனாலேயே அதை வைத்துக் காத்தார்கள். ஸ்டுடியோக்காரர்களால் காக்க முடியவில்லை. கண்ணாடி நெகட்டிவைக் கழுவிவிட்டுக் கண்ணாடியாக விற்றார்கள், பிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். இடம் அடைத்துக்கொண்டிருந்த பழைய சரக்கு அது, அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தப்பிப் பிழைத்தவற்றைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் குழு ஒன்று தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்குப் போய் மின்பதிவு செய்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது.

இன்று ஒரே குடும்பத்துக் கைபேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு முறை அனுப்பியதும் படம் சுருங்குகிறது, எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. நான்கு கை மாறிய பிறகு அதுவும் பெயரில்லாத அஞ்சலட்டைதான். ஆனால் அதே கைபேசியில் நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறது. டிரைப்புக்கு அரசாங்கச் சம்பளமும் மாட்டு வண்டிகளும் வேண்டியிருந்தன. பேரனுக்கு மின்விசிறியை நிறுத்திய ஓர் அறையும் தாத்தாவின் சம்மதமும் போதும். பேசி முடித்ததும் அதன் ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். வெளியே கொடுக்க வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும்.

1985 தீயின்போது 25 வயதில் கடையில் இருந்தவர்களுக்கு இன்று 65 தாண்டிவிட்டது. சந்தை நன்றாக நடந்த ஐம்பதுகளில் பொட்டலம் கட்டும் பையனாகச் சேர்ந்தவர்களுக்கு எண்பதுக்கு மேல். எரிந்த பிறகு கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. எந்தக் கடை எந்த வரிசையில் இருந்தது, முற்றத்தில் யார் யார் தரையில் விரித்து விற்றார்கள், கடை எண் இல்லாததால் மாற்று இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். மின்ரயிலில் வந்து இறங்கினால் நடக்கும் தூரம்தான்.