தில்லி ஓரத்தில் ஒரு சொந்த வீடு
பணம் கொடுத்தாயிற்று, குடியும் புகுந்தாயிற்று. கிரயப் பத்திரம் மட்டும் கிடையாது.

தில்லியின் விளிம்பில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் ‘கஜ்’. ஒரு கஜ் என்பது 9 சதுர அடி. புராரியிலும் நஜஃப்கரிலும் சங்கம் விஹாரிலும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவது 50 கஜ் மனைதான். அந்த 450 சதுர அடியில் மூன்று நான்கு மாடிகள் எழும்பும். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் தெருப்பக்கமிருந்து மட்டும்தான் வரும். மாடிப்படி மிகவும் செங்குத்தானது. பீரோவை மேலே ஏற்ற வேண்டுமானால் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் தூக்க வேண்டும்.

இரண்டாவதாகக் கற்றுக்கொள்ளும் சொல் ‘பாஸ்’. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் சுவரில் ஒரு காலண்டருமாகக் கடை போட்டிருக்கும் புரோக்கர், தேநீர் வரவழைத்துவிட்டுச் சொல்வார்: “காலனி பாஸ் ஆகப்போகிறது.” இதே வாக்கியத்தைத்தான் வாங்க வந்தவரின் அப்பாவிடமும் யாரோ ஒரு புரோக்கர் சொல்லியிருப்பார். அரசு அங்கீகாரம் கிடைப்பதைத்தான் அவர்கள் பாஸ் ஆவது என்கிறார்கள். அது வராத காலனி ‘கச்சா’, வந்துவிட்டால் ‘பக்கா’. வீடு கான்கிரீட்டில் கட்டியதா இல்லையா என்பதற்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

கச்சா காலனியில் கிரயப் பத்திரம் எழுத முடியாது. நிலம் காகிதத்தில் விவசாய நிலம். அதைத் துண்டு போட்டு மனையாக விற்க 1954ஆம் ஆண்டு தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம் இடம் தருவதில்லை. சில இடங்களில் நிலமே அரசு கையகப்படுத்தியது. எனவே பல ஆண்டுகளாக ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருந்துவருகிறது. வாங்குபவர் கையில் ஒரு கட்டுக் காகிதம் தரப்படும். அதில் பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், பணம் பெற்ற ரசீது, சுவாதீனக் கடிதம், பிரமாண வாக்குமூலம் எல்லாம் இருக்கும். கடைசியாக ஓர் உயிலும் இருக்கும்.

உயில் எதற்கு? பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் செத்துப்போனது என்று வாரிசுகள் வழக்குக்கு வரக்கூடும். அந்த பயத்தில்தான், விற்பவர் தன் காலத்துக்குப் பிறகு இந்த மனை வாங்குபவருக்கே சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். முன்பின் தெரியாத ஒருவர், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மற்றொரு முன்பின் தெரியாதவரைத் தன் வாரிசாக்குகிறார்! அந்த உயிலை அவர் மறுநாளே மாற்றி எழுதினாலும் சட்டம் தடுக்காது என்பதை புரோக்கர் சொல்வதில்லை.

இப்படி வாங்குகிறவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) அமைந்த பிறகு நகர நிலத்தைக் கையகப்படுத்துவதும் மனை பிரிப்பதும் வீடு கட்டுவதும் பெரும்பாலும் அரசின் ஏகபோகமாயின. வந்து குவிந்த ஜனத்துக்கு அந்த வேகம் போதவில்லை. 1979இல் டி.டி.ஏ. அறிவித்த வீட்டுத் திட்டத்தில் சுமார் 1.7 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் வீட்டுச் சாவிக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாத எழுத்தரும் டெய்லரும் ஆட்டோ டிரைவரும் ஊரோரத்துக் கோதுமை வயலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அரசு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1977இல் வகுத்த கொள்கையின்படி 567 காலனிகள் முறைப்படுத்தப்பட்டன. அதைக் கண்டவர்கள் அடுத்த வயலில் குடியேறினார்கள். 2008 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய மாதம் 1,200க்கும் மேற்பட்ட காலனிகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ்கள் விழா எடுத்து வழங்கப்பட்டன. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அதை வைத்துப் பத்திரம் பதிய முடியாது.

இடி விழுந்தது 2011 அக்டோபர் 11 அன்று. பவர், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றின் மூலம் நடக்கும் ‘விற்பனை’ சொத்துரிமையை மாற்றித் தராது, பதிவு செய்த கிரயப் பத்திரம் ஒன்றே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. கறுப்புப் பணத்தையும் நில மோசடியையும் மனத்தில் வைத்து எழுதிய தீர்ப்பு அது. நியாயமானதும்கூட. ஆனால் பீரோவுக்குள் அந்தக் காகிதக் கட்டைப் பூட்டி வைத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்களின் உரிமை அதனால் கேள்விக்குறியானது.

வாழ்க்கை மட்டும் நின்றுவிடவில்லை. கச்சா காலனியில் வீடு படிப்படியாகத்தான் வீடாகிறது. முதலில் ஒரு அறை. பிறகு போர் போட்டு மோட்டார். ஒரு காலத்தில் மின்சாரம் கம்பத்தில் கொக்கி மாட்டித்தான் வந்தது. 2002 ஜூலையில் மின் விநியோகம் தனியார் நிறுவனங்களுக்குப் போன பிறகு மீட்டர்கள் பெருகின. மாதாமாதம் பில் வந்தபோது மக்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். இந்த முகவரியில் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல அந்தக் காகிதமாவது இருந்ததே!

தண்ணீர் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை. சங்கம் விஹாரில் டேங்கர் வரும் நாளை வைத்துத்தான் துணி துவைப்பதும் விருந்தாளியை அழைப்பதும். சாக்கடைக் குழாய் இல்லாத தெருக்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். தெருவுக்குத் தேர்தல் சமயத்தில் சாலை போடுவார்கள். பழைய சாலையின்மேல் புதிய சாலை. ஒவ்வொரு முறையும் தெரு ஒரு படி உயரும், வீடு ஒரு படி தாழும். அடுத்த மழையில் சாக்கடை கூடத்துக்குள் வரும். அனுபவப்பட்டவர்கள் மூன்றடி உயரத்தில் அடித்தளம் போட்டு, படிக்கட்டைத் தெருவில் இறக்கி விடுகிறார்கள். ஏற்கெனவே குறுகலான தெரு மேலும் குறுகுகிறது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் இப்படித்தான் உருவாயின.

வங்கிகள் இந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் கடன் தருவதில்லை. ஊரில் விற்ற நிலம், மனைவியின் நகை, சீட்டுப் பணம், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்ந்துதான் முதல் மாடி. மகள் கல்யாணத்துக்கு வீட்டை அடகு வைக்க வேண்டுமானால் அதிக வட்டிக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும்.

2019 அக்டோபரில் மத்திய அரசு ‘பி.எம்.-உதய்’ திட்டத்தை அறிவித்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2020 பிப்ரவரியில் தில்லித் தேர்தல்! 1,731 காலனிகளின் வாசிகள் இந்தப் பவர், ஒப்பந்தக் காகிதங்களை வைத்தே உரிமை பெறலாம் என்று சட்டம் சொன்னது. 2011 தீர்ப்பைப் பெயர் சொல்லியே ஒதுக்கி வைத்தது. வனம், தொல்லியல் சின்னங்கள், யமுனை வெள்ளப்படுகை போன்ற இடங்களுக்கு இது பொருந்தாது. சைனிக் ஃபார்ம்ஸ் போன்ற பணக்காரக் காலனிகள் 69ஐயும் தனியே நிறுத்தி வைத்தார்கள். கட்டணம் அதிகமில்லை. சிறிய மனைகளுக்கு அரசு வழிகாட்டி மதிப்பில் அரை சதவீதம்தான்.

கூட்டம் முட்டி மோதியிருக்க வேண்டும். மோதவில்லை. தடை பணம் அல்ல, காகிதச் சங்கிலி. முதலில் விற்ற விவசாயியிலிருந்து இன்று குடியிருப்பவர்வரை கை மாறிய ஒவ்வொரு முறைக்கும் ஆவணம் வேண்டும். மூன்றாவது கை தன் காகிதத்தைத் தொலைத்திருந்தால், இரண்டாவது கை பீகாருக்கே திரும்பிப் போயிருந்தால், முதல் கை இறந்து பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இருந்தால்? ஐந்தாவது கையாக வாங்கியவர் பழைய முகவரிகளைத் தேடி அலைகிறார். உரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டாலும், கட்டிய மாடிக்கு வரைபட அனுமதி தனியே வாங்க வேண்டும்.

இடிப்பு பயம் முற்றிலும் போய்விடவில்லை. 2006இல் ஓராண்டுக்கென்று தொடங்கிய பாதுகாப்புச் சட்டங்கள் பிறகு இந்தக் காலனிகளையும் சேர்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டன. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை 2026 டிசம்பர் 31வரை நீட்டித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மெஹ்ரௌலியில் டி.டி.ஏ.யின் புல்டோசர்கள் அடுக்குமாடிகளை இடித்தபோது, பதிவுப் பத்திரமும் வரி ரசீதும் இருப்பதாகப் பலர் கையில் தாள்களோடு நின்றார்கள். சில நாட்களில் வேலை நிறுத்தப்பட்டது. அதற்குள் இடிந்தது இடிந்ததுதான்.

அப்படியும் புரோக்கர் கடையில் நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது, வீட்டுக்காரர் பதினோரு மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுத மறுக்கிறார். தேநீரைக் குடித்து முடித்த கணவனும் மனைவியும் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். காகிதக் கட்டைப் பிரித்து, கை மாறிய பெயர்களைக் கணவன் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். நான்காவது காகிதம் நகல். அசல் எங்கே என்று கேட்கிறார் மனைவி.