பட்டம் கட்டிய நாளுக்குப் பஞ்சாங்கம்

காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்தில் கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. அதில் வம்சாவளி பிரமனில் தொடங்கி ஆங்கிரசர், பிருகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கிப் பல்லவனுக்கு வருகிறது. தந்தை, மகன், தந்தை, மகன். பட்டத்தரசி பெற்ற பிள்ளையா, ஆசைநாயகி பெற்ற பிள்ளையா என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் அரச ஆவணங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

அதனால் மணவுறவுக்கு வெளியே பிறந்த இளவரசன் ஒருவனைத் தேடினால், வெளியூர்க்காரர் எழுதியதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. 1268இல் பட்டமேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்கு இரண்டு மகன்கள் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப். சுந்தரபாண்டியன் முறையான மனைவியின் மகன்; வீரபாண்டியன் ஆசைநாயகியின் மகன். வீரனின் துணிச்சலையும் மதிநுட்பத்தையும் மெச்சி அரசன் அவனையே வாரிசாக்கினானாம். பொறுக்காத சுந்தரன் 1310இல் தகப்பனைக் கொன்று மதுரையில் முடிசூடிக்கொண்டானாம். வசாஃப் எழுதியது ஷிராஸில். காயல் துறைக்குக் குதிரை ஏற்றி வந்த வளைகுடா வணிகர் வாய்வழியாகவே இந்த அரண்மனைச் சேதி அங்கே போயிருக்க வேண்டும். சந்தைப் பேச்சை எப்படிச் சரிபார்ப்பது?

இங்கேதான் வானியல் உதவிக்கு வருகிறது. பாண்டியர் கல்வெட்டில் சக ஆண்டு பெரும்பாலும் இருக்காது. ‘வீரபாண்டிய தேவர்க்கு யாண்டு’ இத்தனையாவது என்று மட்டும் இருக்கும். ஆனால் அதோடு ஞாயிறு நின்ற ராசி, பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் வெட்டிவைத்திருப்பார்கள். தானம் கொடுத்த நாள் பிற்காலத்தில் வழக்காகிவிடக் கூடாதே!

குறிப்பிட்ட ராசியில் குறிப்பிட்ட பக்கத்துத் திதி பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அது சொன்ன கிழமையிலும் விழ வேண்டுமென்றால் சராசரியாக ஏழாண்டுக்கு ஒருமுறைதான் பொருந்தும். நட்சத்திரமும் ஒத்துவர வேண்டும் என்றால் இன்னும் சில ஆண்டுகள் கழன்றுவிடும். ஒரு கல்வெட்டை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு நூற்றாண்டில் நாலைந்து நாள்கள் மிஞ்சலாம். அதே அரசனின் வேறொரு ஆட்சியாண்டுக் கல்வெட்டை எடுத்து அதே கணக்கைப் போட்டு, இரண்டிலிருந்தும் ஆட்சியாண்டைக் கழித்துப் பட்டமேறிய ஆண்டுக்கு வந்தால், பொய் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்துபோகும். கீல்ஹார்ன், எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் கல்வெட்டு கல்வெட்டாக இந்த வேலையைச் செய்தார்கள். கல்தச்சர் திதியைத் தப்பாக வெட்டிய இடங்களும் உண்டு. அவர்களையும் சமாளித்தாக வேண்டும்.

விடை சுவையானது. சடையவர்மன் வீரபாண்டியனின் ஆட்சிக் கணக்கு 1297ஐ ஒட்டித் தொடங்குகிறது. சடையவர்மன் சுந்தரபாண்டியனுடையது 1303இல். தகப்பன் சாவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, சுந்தரனை முந்திக்கொண்டு, வீரன் இணையரசன் ஆகிவிட்டான். வாரிசுத் தேர்வைப் பற்றிய வசாஃபின் பேச்சு வெறும் புரளி அல்ல.

ஆனால் பிறப்புக் குறை? டெல்லித் தளபதி மாலிக் காபூரின் 1311 படையெடுப்பை எழுதிவைத்த டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு, வீரனை மூத்தவன் என்றும் சுந்தரனை இளையவன் என்றுமே சொல்கிறார். பாண்டியர் குடும்பத்தில் ஒரே சமயத்தில் பலர் முடிசூடி ஆள்வதும் புதிதல்ல. பல மனைவியர் வாழ்ந்த அரண்மனையில் யார் மனைவி, யார் ஆசைநாயகி என்று குதிரை வணிகர் போட்ட கோட்டை நான் அப்படியே நம்பமாட்டேன். மூத்தவன், ஆனால் அந்தஸ்து குறைந்தவளின் மகன் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஐரோப்பாவிலும் இந்தக் குறை எல்லோரையும் வீழ்த்திவிடவில்லை. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மண்டி வில்லியம் மணவுறவுக்கு வெளியே பிறந்தவன்தான்.

வில்லியமுக்குக் கிடைத்தது வீரனுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி சண்டையின் நடுவே காபூர் வந்தான். வீரபாண்டியன் ஊர் ஊராகத் தப்பி ஓடினான், மதுரை சூறையாடப்பட்டது. அடுத்து வந்தவன் கொல்லத்து ரவிவர்மன் குலசேகரன். வீரபாண்டியனை வென்று, காஞ்சியில் வேகவதிக் கரையில் 46ஆம் வயதில் முடிசூடியதாக அருளாளப் பெருமாள் கோயிலில் கல்வெட்டு வைத்தான்.

அவன் ஆண்டைக் கண்டுபிடிக்கத் திதி வேண்டாம். பிறந்த சக ஆண்டு ‘தேஹவ்யாப்ய’ என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. எழுத்துகளை எண்களாகப் படிக்கும் கடபயாதி முறையில் அதன் எழுத்துகள் 8, 8, 1, 1. வலமிருந்து படித்தால் 1188, அதாவது கி.பி. 1266-67. 46ஐக் கூட்டினால் 1312-13. மருமக்கள் வழி நாட்டிலிருந்து வந்த அந்த அரசனின் கல்வெட்டில் தந்தை ஜெயசிம்மன் பெயரோடு தாய் உமாதேவியின் பெயரும் இருக்கிறது.