சிறை முடிந்தது, காவல் முடியவில்லை!

ஜெயில் தண்டனைக்கு ஒரு கணக்கு உண்டு. ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டு. அந்த நாள் வந்ததும் கதவு திறக்கும். கைதி வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் அவர் இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால்? இலங்கையில் இருந்து உயிர் தப்பி வந்த தமிழராக இருந்தால்? அதிலும் காலை இழந்தவராகவோ, தீராத நோயாளியாகவோ இருந்துவிட்டால்? அவருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

சிறப்பு முகாம்

தாம்பரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே போனால் மீனம்பாக்கம் விமான நிலையம். தெற்கே போனால் செங்கல்பட்டு. அங்கேதான் பல ஆண்டுகள் 'சிறப்பு முகாம்' ஒன்று இருந்தது. வழக்கில் சிக்கிய இலங்கைத் தமிழர்கள், ஜாமீன் பெற்ற பிறகும் அங்கே வைக்கப்பட்டார்கள். பூந்தமல்லியிலும் அப்படி ஒரு முகாம் இருந்தது. பின்னர் திருச்சி மத்திய சிறை வளாகத்தில் உள்ள முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

இதற்கு ஆதாரமாக இருந்தது 1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். ஒரு வெளிநாட்டவர் இந்த இடத்தில்தான் தங்கவேண்டும் என்று உத்தரவிட அதில் அதிகாரம் உண்டு. 2025 செப்டம்பர் 1-ந்தேதி அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அந்த அதிகாரம் அதிலும் இருக்கிறது.

கைக்கு வந்த அனுமதி

ராஜீவ் காந்தி 1991 மே 21-ந்தேதி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். நாட்டையே உலுக்கிய குற்றம் அது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற ஆறு பேரை 2022 நவம்பர் 11-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. அவர்களில் நான்கு பேர் இலங்கையர். ஜெயிலை விட்டு வந்த அவர்கள் நேராகத் திருச்சி முகாமுக்குப் போனார்கள்.

நால்வரில் ஒருவர் சாந்தன். 31 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர். முகாமில் அவருடைய கல்லீரல் கெட்டது. யாழ்ப்பாணத்தில் வயதான தாய் காத்திருந்தார். நாடு திரும்ப அனுமதி கிடைத்தபோது அவர் சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தார். 2024 பிப்ரவரி 28-ந்தேதி இறந்தார். தாயைத் தேடிப் போனது அவர் உடல்தான். மற்ற மூவரும் அந்த ஏப்ரலில் விமானம் ஏறினார்கள்.

15 மாதங்கள்! அனுமதிச் சீட்டு சற்று முன்னால் வந்திருந்தால், அந்தத் தாய் மகனின் முகத்தை உயிரோடு பார்த்திருப்பாள்.

கோர்ட்டு சொன்னது

2025 மே 19-ந்தேதி இன்னொரு இலங்கைத் தமிழரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. சென்னை ஐகோர்ட்டு அவருடைய பத்தாண்டு தண்டனையை ஏழாகக் குறைத்து, முடிந்ததும் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்றும், அதுவரை முகாமில் இருக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தது. "மனைவி நோயாளி, மகனுக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு, திரும்பினால் உயிருக்கு ஆபத்து" என்று அவர் முறையிட்டார். இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று கூறி, நீதிபதிகள் மனுவைத் தள்ளினார்கள். இந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே உண்டு என்றார்கள்.

சட்டப்படி அது உண்மை. ஆனால் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'நபர்' என்றே சொல்கிறது. 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் இதே சுப்ரீம் கோர்ட்டுதான், இங்குள்ள எந்த மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது.

உதவி யாருக்கு?

2021 ஆகஸ்டில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் முகாம் உதவித் தொகையை உயர்த்தினார். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. ஆனால் இது முகாமில் குடியிருப்பவர்களுக்கு. புறநகரில் வாடகை வீட்டில் இருப்பவர் போலீசில் பதிவு செய்யவேண்டும். இந்தத் தொகை அவருக்கு இல்லை.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. அதுவும் 'நபர்' என்றே பேசுகிறது. சட்டம் ஊனத்தைப் பார்க்கிறது. அதிகாரியோ முதலில் அடையாளச் சான்றைக் கேட்கிறார். அதோடு ஒரு போலீஸ் வழக்கும் சேர்ந்துவிட்டால், தடி ஊன்றி நிற்பவரின் மனு எந்த மேஜையில் நகரும்?

ஒரு கதவு

திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, ஊனமுற்றவருக்கும் காவலில் இருப்பவருக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. தாம்பரம் பகுதியினர் செங்கல்பட்டு கோர்ட்டில் உள்ள மாவட்ட ஆணையத்தை நாடலாம். தண்டனை முடியும் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அதற்கு முன்பே பயணப் பத்திரத்துக்கும் மருத்துவச் சான்றுக்கும் மனுப் போடவேண்டும்.

சர்க்கார் செய்யவேண்டியதும் பெரிய காரியம் அல்ல. அனுப்புவதானால் இன்ன தேதிக்குள் அனுப்பவேண்டும். அனுப்ப முடியாதென்றால் குடும்பத்தோடு வாழ விடவேண்டும். நடக்க முடியாதவரையும் நோயாளியையும் முதலில் கவனிக்கவேண்டும்.

குற்றத்துக்குத் தண்டனை உண்டு, அது நியாயம். தண்டனைக்கு முடிவு உண்டு, அதுவும் நியாயம்தானே?